தாடையில் மூன்று வெட்டு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டி வலி குறைந்ததா? மாமாவின் இருமல் நின்றதா, இல்லை இன்னும் உன்னைத் தூங்கவிடாமல் இருமுகிறாரா?

இந்த மாதம் எழுத ஒரு விசேஷம் இருக்கிறது, சிரிக்கக் கூடாது. ஷேவ் செய்கிற ரேஸரை மாற்றிவிட்டேன். இருபது வருடமாக நாலு பிளேடு பதித்த கார்ட்ரிட்ஜ்தான். ஹெல்மெட் வார் உரசுகிற இடத்தில் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் கொப்புளம். நாலு பிளேடு இருந்தால் ஒரே இடத்தை நாலு தடவை சுரண்டும் என்று கடைக்காரர் விளக்கம் சொல்லி, பழைய மாடல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கனமான இரும்புப் பிடி. திருகினால் தலை கழன்று வரும், நடுவில் ஒற்றை பிளேடை வைத்து மூட வேண்டும். பார்க்க என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

முதல் நாளே தாடையில் மூன்று வெட்டு. வேலைக்குப் போனதும் விசில் என்னைப் பிடித்துக்கொண்டான். அவனைப் பற்றி எழுதியிருக்கிறேனே, கிரேனுக்குக் கீழே நின்று எனக்குக் கைகாட்டுகிறவன், வாயில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் பெயரே விசில். "என்னண்ணே, வீட்ல பூனை வளக்கிறீங்களா?" என்று கேட்டான். கிடங்கே சிரித்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆட்களை மழித்துவிடுகிற வேலையை நீ இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறாய். எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு.

வேறொன்றுமில்லை. நவம்பரில் எங்களுக்கு வருடாந்திர உடம்புப் பரிசோதனை வருகிறது. இந்தத் தடவை டாக்டர் புதியவர், கண்டிப்பானவர் என்கிறார்கள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி உற்றுப் பார்க்கிறாராம். அதில் தேறினால்தான் கிரேன் கேபினுக்குள் ஏறவிடுவார்கள். அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? சும்மா சொன்னேன்.

மாமாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி. முட்டி அப்படியே இருக்கிறது, இருமலும் அப்படியே இருக்கிறது, அந்த இருமலுக்குச் சொந்தக்காரரும் அப்படியேதான் இருக்கிறார். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐம்பத்து மூன்று வயதில் இவனுக்கு என்ன மாப்பிள்ளைக் கோலம் என்று கேட்கிறார்.

போனில் "ம்", "சரி" என்ற இரண்டு வார்த்தையைத் தாண்டாதவன் கொப்புளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்காகவே கடிதம் எழுதும் வழக்கத்தை நான் விடமாட்டேன்.

கேள். கார்ட்ரிட்ஜைப் பிடித்து அழுத்துகிற மாதிரி இதை அழுத்தினால் ரத்தம்தான் வரும். இதற்குத் தன் கனமே போதும், நீ சும்மா வழிகாட்டினால் சரி. பிடியைக் கன்னத்திலிருந்து கொஞ்சம் தள்ளிச் சாய்வாகப் பிடி. முடி வளர்கிற போக்கிலேயே இழு, எதிராகப் போகாதே. ஒரே இழுப்பாகக் காதிலிருந்து தாடை வரை வராமல் சின்னச் சின்னதாக எடு. தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள். முகத்தை வெந்நீரில் நனைத்துவிட்டுப் பிரஷ்ஷால் நுரை போடு. வெட்டினால் படிகாரத்தை ஈரத்தோடு தடவு, எரியும், பொறுத்துக்கொள்.

எங்கள் வார்டில் முன்பெல்லாம் இந்த ரேஸர்தான். பயத்தில் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற வயிற்றிலேயே ஒரு கீறல் இல்லாமல் மழித்தவள் நான். உன் கன்னம் என்ன பெரிய கன்னம்.

பரிசோதனையை நினைத்து இப்போதே பயப்படாதே. உன் பெண்டாட்டியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததாகப் போனில் சொன்னாய், டாக்டர் என்ன சொன்னார்?

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்கிறேன். வெந்நீர், பிரஷ், படிகாரம், ஒன்றும் விடவில்லை. பிளேடும் மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டேன். இன்னும் வெட்டுகிறது. காதோரம் ஒன்று, மேலுதட்டில் ஒன்று, நேற்று தொண்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஆழமாக. உன் தம்பி பெண்டாட்டி டவலைக் காட்டிக் காட்டித் திட்டுகிறாள். பழைய கார்ட்ரிட்ஜுக்கே திரும்பிவிடச் சொல்கிறாள். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இழுக்கும்போது ஒன்றும் இல்லை அக்கா. பிளேடு கன்னத்தைத் தொடப்போகிற நொடியில்தான் கை கொஞ்சம் அவசரப்படுகிறது. தூக்கக் கலக்கமாக இருக்கும். அதற்கு ஏதாவது வித்தை வைத்திருக்கிறாயா?

வேலை நிறைய. போன வாரம் கப்பலுக்குப் போகிற தகடுகள் வந்தன, ஒவ்வொன்றும் நாலு டன். கேபினில் உட்கார்ந்து கீழே பார்த்தால் விசிலின் இரண்டு கைதான் தெரியும். ஏற்று, இறக்கு, நில். பதினோரு வருடமாக அந்தக் கையை நம்பித்தான் நான், இந்தக் கையை நம்பித்தான் அவன். இப்போதெல்லாம் அவன் தினமும் என் முகத்தில் வெட்டு எண்ணுகிறான்.

மாமாவின் எக்ஸ்ரே பற்றி எழுது.

உன் தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். சளிதான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததில் உன் மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், நாலு பேர் பார்க்க வருவார்கள் என்று காத்திருந்தார்.

உன் அவசரக் கைக்கு வித்தை இருக்கிறது. வார்டுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் வாரம் கை நடுங்கும். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். முழங்கையை எங்காவது ஊன்றிக்கொள். சுவரோ வாஷ்பேசின் விளிம்போ, அசையாத ஏதாவது ஒன்று. முழங்கை நின்றால் மணிக்கட்டு நிற்கும். சுண்டு விரலைத் தாடை எலும்பில் முட்டுக்கொடு. பிளேடு தொடுகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள், இழுத்து முடித்ததும் விடு. இதைச் செய்து தப்பாக வெட்டியவளை நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் கையெழுத்தை மாமா பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். காகிதத்துக்குப் பஞ்சமா அங்கே? கொஞ்சம் பெரிதாக எழுது.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை மும்முரம். உனக்கு முட்டி தேவலாம் என்று மாமா போனில் சொன்னார், சந்தோஷம்.

உன் வித்தை பலித்துவிட்டது. குளியலறைச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறேன். பதினெட்டு நாளாக ஒரு வெட்டு இல்லை. கழுத்துக் கொப்புளமும் அடங்கிவிட்டது. விசில்கூட, "பூனை வீட்டை விட்டு ஓடிடுச்சா?" என்று கேட்டான். நீ பக்கத்தில் இருந்தால் என் கன்னத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

வேலையிலும் அதே வித்தைதான். கேபின் ஜன்னல் சட்டத்தில் முழங்கையை வைத்துக்கொண்டால் லீவர் வெண்ணெயாக நகர்கிறது. இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக்கு இன்னும் இரண்டரை மாதம். அதற்குள் கை நன்றாகப் பழகிவிடும்.

உன் தம்பி


செப்டம்பர் 12

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டார், ஆனாலும் எழுதுகிறேன்.

அவர் அந்த ரேஸரை வாங்கியது கொப்புளத்துக்காக இல்லை. மே மாதம் ஒருநாள் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கை நடுங்குகிறதே என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு இந்த ரேஸரோடு வந்து, "வெறும் பிளேடை மூஞ்சியில வச்சு இழுக்கப் போறேன் பாரு. நடுங்குற கையா இதைச் செய்யும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் அது ஒரு பரீட்சை. வெட்டு விழாத நாளில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார். வெட்டு விழுந்த நாளில் சாப்பிடமாட்டார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு வெட்டு நின்றுவிட்டது. நடுக்கம் நிற்கவில்லை அண்ணி. டிவி பார்க்கும்போது வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "நவம்பர் கழியட்டும்" என்கிறார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். அவர் கிரேனில் ஏறும் நாளெல்லாம், வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 20

தம்பி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் பெண்டாட்டி எழுதினாள். அவளைத் திட்டினாயானால் என் வீட்டுப் பக்கம் வராதே.

உன் ஜூன் மாதக் கடிதத்தையும் ஆகஸ்ட் கடிதத்தையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். எழுத்து பாதியாகச் சிறுத்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் போகப் போகக் கடுகாகிறது. இப்படி எழுதுகிற எத்தனை பேரை எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். நடுக்குவாதம் வந்தவர்கள் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான் இருக்கும். சொந்தத் தம்பியின் எழுத்தில் அது எனக்குத் தெரியவில்லை. பெரிதாக எழுது என்று கேலி செய்திருக்கிறேன். என்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது நடுக்கத்தை மறைக்கிற வித்தை, போக்குகிற வித்தை இல்லை. கன்னத்தில் வெட்டினால் படிகாரம் போடலாம். நாலு டன் தகட்டுக்குக் கீழே ஒரு மனுஷன் நிற்கிறான்.

உடனே லீவு போடு. டாக்டரைப் பார். நீ போடாவிட்டால் உன் கம்பெனிக்கு நானே எழுதுவேன்.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அவளைத் திட்டவில்லை. நீ எழுதியது எல்லாம் நிஜம்தான். ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கம்பெனிக்கு எழுதாதே. நவம்பர் பதினைந்தில் பரிசோதனை. அன்றைக்கு நானே டாக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அதுவரை விடு. வேறு யாரோ எழுதிய கடிதத்தைக் காட்டி, எல்லோரும் பார்க்க என்னைக் கேபினிலிருந்து இறக்கினால் என்னால் தாங்க முடியாது. இருபத்தெட்டு வருடம் அங்கே உட்கார்ந்தவன் அக்கா. மேலே ஏறி அந்தக் கதவைச் சாத்தினால்தான் நான் ஒரு ஆள் என்ற நினைப்பே வருகிறது. இறங்கிவிட்டால் வீட்டில் டிவி பார்க்கிற கைநடுங்கிக் கிழவன், அவ்வளவுதான்.

சின்னச் சுமைதான் எடுக்கிறேன். மெதுவாகத்தான் போகிறேன். ஆறு வாரம். எனக்காக இந்த ஆறு வாரம்.

மாமாவிடம் சொல்லாதே.

தம்பி


அக்டோபர் 6

தம்பி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ முதல் தடவை கேபினில் ஏறிய அன்று கீழே நின்று பார்த்தேனே, அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

சரி. நவம்பர் பதினைந்து வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. பெரிய சுமையைத் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து எழுது.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

சத்தியம் செய்து எழுதாததற்கு மன்னித்துவிடு. எழுதினால் மீறிவிடுவேன் என்று தெரியும்.

போன மாதம் இருபத்து நாலாம் தேதி விபத்து. மழை. கேபின் ஜன்னல் சட்டம் நனைந்திருந்தது. லாரியில் தகடு இறக்கிக்கொண்டிருந்தேன். விசில் கையை உயர்த்தி நில் என்று காட்டினான். நன்றாகத் தெரிந்தது. நிறுத்தப் போனேன், முழங்கை வழுக்கியது, கை தன் இஷ்டத்துக்குத் துள்ளி லீவரைத் தள்ளிவிட்டது. தகடு ஆடி வந்து அவனை லாரியோடு சேர்த்து நசுக்கியது. உயிர் இருக்கிறது. வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

கிரேனை நிறுத்தி வைத்துவிட்டு விசாரணை வைத்தார்கள். சங்கிலி சரி, மோட்டார் சரி, பிரேக் சரி. மேலே கேபினில் நான் ஒருவன்தான், பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் சிக்னல்தான் தப்பாக இருந்திருக்கும் என்று எழுதப் போகிறார்கள். என்னைக் கேட்டார்கள். மழையில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு விசிலைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கண்ணே. நில்லுன்னு காட்டுறதுக்குப் பதிலா இறக்குன்னு காட்டிட்டேன் போல. உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்" என்றான். நான் பரவாயில்லை என்றேன், அக்கா. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து ஷேவ் செய்யவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி


நவம்பர் 10

தம்பி,

இதைக் கவனமாகப் படி.

அந்தக் காலில் பாதி என் கணக்கு. அக்டோபரில் நான் உன் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் அவன் இன்று நடந்துகொண்டிருப்பான். தம்பி முகம் வாடக் கூடாது என்று பார்த்தேன். இதை உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றார்.

நடந்ததை மாற்ற முடியாது. ஆனால் காலை இழந்தவன் அந்தக் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறான் பார், அது ஒவ்வொரு நாளும் நீ புதிதாகச் செய்கிற காரியம். அதை நிறுத்துவது உன் கையில் இருக்கிறது. போய் எழுதிக் கொடு. என்ன ஆகும் என்று யோசிக்காதே. என்ன ஆனாலும் நான் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

இந்தத் தடவை உனக்குத் தவணை இல்லை. ஆனால் நான் எழுதமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லி அவன் கேட்கக் கூடாது.

ஒரு வாய் சாப்பிடு.

அக்கா


டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? நீ மூன்று கடிதம் போட்டும் நான் பதில் போடவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் எப்படி எழுதுவது? இதை இரண்டு நாளாக எழுதுகிறேன், எழுத்து எறும்பாக ஊர்கிறது, மாமாவைப் பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதம் கிடைத்த பிறகும் ஐந்து வாரம் கோழையாக இருந்தேன். பரிசோதனையைத் தள்ளி வைத்திருந்தார்கள், அது ஒரு சாக்கு. டிசம்பர் பதினெட்டாம் தேதி அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். சிக்னல் தவறு என்று டைப் அடித்து வைத்திருந்தது. பேனாவை எடுத்தேன். கை ஆடியதை மேனேஜர் பார்த்தார். நான் மறைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேறு தாளை எடுத்து வைத்து எழுதச் சொன்னார். அன்றைக்கே கேபின் சாவியைக் கொடுத்துவிட்டேன். போலீஸுக்கும் தகவல் போயிருக்கிறது, கூப்பிடும்போது போக வேண்டும். நரம்பு டாக்டரையும் பார்த்தாயிற்று. நீ எழுதிய நோய்தான்.

ஆபீசிலிருந்து நேராக விசிலிடம் போனேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் மனைவி நாற்காலி போட்டாள், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "நீ சரியாத்தான் காட்டுன. நில்லுன்னுதான் காட்டுன. நான் பார்த்தேன். என் கைதான் நிக்கல. எனக்கு முன்னாடியே தெரியும்." அவன் மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

அடிப்பான், வெளியே போகச் சொல்வான் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் வெகு நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு மாசமா இந்தக் கையை வெட்டிப் போடணும்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்க மாட்டேனேண்ணே."

உன் தம்பி